71 கி.மீ. காட்டியபடியே நின்ற வண்டி

சித்தி பையன் போன வாரம் கூப்பிட்டு, "ஏண்ணா, உங்க வண்டியையே நானும் எடுக்கலாம்னு இருக்கேன், மீட்டர்ல ரேஞ்ச் காட்டுதே, இருக்கிற பெட்ரோலுக்கு இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்னு, அதை நம்பலாமா?" என்று கேட்டான். அரை மணி நேரம் பேசியும் எனக்கே திருப்தியாக ஒரு பதில் வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பிக்கப், பிரேக், சீட் எல்லாம் எழுதப் போவதில்லை, 150 சிசி வண்டி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், நல்ல வண்டிதான். கம்பெனிப் பெயரும் வேண்டாம், ஏனென்றால் ரேஞ்ச் காட்டுகிற வண்டி எதுவானாலும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

2022-ல் எடுத்தது, மூன்றரை வருடம், 41,000 கிலோமீட்டர். பல்லடத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய்வர தினமும் 38 கி.மீ., அது போக மாதத்துக்கு ஒன்றிரண்டு வெளியூர். டேங்க் 12 லிட்டர். முதல் மாதமே இந்த ரேஞ்ச் என்னைப் படுத்த ஆரம்பித்துவிட்டது. இரவு 84 காட்டிய வண்டி, காலையில் ஒரு சொட்டுகூடப் போடாமல் 97 காட்டும். ஸைடு ஸ்டாண்டில் இருந்து நிமிர்த்தினால் ஒரு எண், நாலு தெரு போனால் வேறு எண். நெடுஞ்சாலையில் 50-ல் சீராகப் போனால், ஓட ஓடக் குறைய வேண்டியது ஏறும். திருப்பூர் சிக்னல்களில் நின்று நின்று போனால் 5 கி.மீ. தூரத்துக்கு 15 கி.மீ. காணாமல் போகும்.

எரிச்சல் தாங்காமல்தான் நோட்டு போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறை ஃபுல் டேங்க் அடிக்கும்போதும் மூன்று விஷயம் எழுதுவேன்: பங்க்கில் நுழையும்போது மீட்டர் காட்டிய ரேஞ்ச், ட்ரிப் மீட்டரில் (கடைசியாகப் பூஜ்யமாக்கியதிலிருந்து) ஓடிய தூரம், நிரம்ப எத்தனை லிட்டர் பிடித்தது. முடிந்தவரை ஒரே பங்க், வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பங்க் குழாய் தானாக முதல் முறை கட்-ஆஃப் ஆனதும் நிறுத்தச் சொல்வேன். ஆளுக்கு ஆள் கடைசியில் நெட்டித் தள்ளினால் அரை லிட்டர் வரை மாறிவிடும், கணக்கே கெட்டுப்போகும். இப்படி 62 முறை எழுதியிருக்கிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டைப் பார்த்தால் மீட்டர் சும்மா ஏதோ காட்டவில்லை என்று தெரியும். 50 காட்டும்போது நிரப்பினால் பெரும்பாலும் 9.9 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் உள்ளே 2.1 லிட்டர் மிச்சம் இருந்திருக்கிறது, என் மைலேஜுக்கு அது 90 கி.மீ.க்கு மேல் வரும். அதாவது ஒரு லிட்டரைக் கணக்கிலேயே சேர்க்காமல் மறைத்து வைத்துக்கொண்டுதான் எண்ணைக் காட்டுகிறது. பயந்தாங்கொள்ளிக் கணக்கு, ஆனால் நல்லதுக்குத்தான். எத்தனால் கலப்பு 10 சதவீதத்திலிருந்து 20 ஆனபோது என் சராசரி 46-லிருந்து 44-க்கு இறங்கியது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதையும் மீட்டர் தானாகவே பிடித்துக்கொண்டது, நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஏன் அப்படிப் பிடித்துக்கொள்கிறது என்றால், அந்த எண் அளந்து சொல்வது இல்லை, வகுத்துப் பெருக்கிச் சொல்வது. டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது, ஃப்ளோட் என்பார்கள். பெட்ரோல் இறங்க இறங்க அது இறங்கும், அதன் கை ஒரு மின்தடைத் தடத்தின் மேல் நகரும், அதை வைத்து இத்தனை லிட்டர் என்று மீட்டர் முடிவு செய்யும். அப்புறம் நீங்கள் கடைசியாக ஓட்டிய சில கிலோமீட்டர்களில் என்ன மைலேஜ் கிடைத்ததோ அதால் பெருக்கும். நேற்று நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்து நாளைக்கு ஜோசியம் சொல்கிறது. நாளைக்கு மலை ஏறப்போகிறீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, பைக் டேங்க் சதுரமான டப்பா கிடையாது. நடுவில் வண்டியின் சட்டம் போக வழி விட்டு, குதிரைச் சேணம் மாதிரி இரண்டு பக்கமும் தொங்குகிற வடிவம். மேல் பாதியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் போவது ஒரு அளவு, அடியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் போவது வேறு அளவு. ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் ஒதுங்கும், இறக்கத்தில் முன்னால் வரும், ஸைடு ஸ்டாண்டில் இடது பக்கம் சாயும். எண் ஆடுவதற்கு இத்தனை காரணம் இருக்கிறது, ஒன்றும் ரகசியமில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு எரிச்சல் குறைந்து, ஒரு மாதிரி பழகிப்போனேன். நான் மாட்டியது அந்தப் பழக்கத்தால்தான்.

மூன்று மாதம் முன்னால் சித்தி பையன் என் வண்டியை நாலு நாள் எடுத்துப் போயிருந்தான். திரும்பக் கொடுக்கும்போது 88 காட்டியது. சரி, அவன் பெட்ரோல் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். தான் ஓட்டிய தூரம் தெரிய ட்ரிப்பை வேறு பூஜ்யமாக்கியிருந்தான். மறுநாள் வால்பாறையில் சொந்தத்தில் ஒரு விசேஷம், அப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பல்லடம் பங்க்கில் கூட்டம், நேரம் வேறு ஆகிவிட்டது, 200 ரூபாய்க்கு மட்டும் போட்டேன், ஏறக்குறைய 2 லிட்டர். ரேஞ்ச் உடனே ஏறவில்லை. கொஞ்சமாகப் போட்டால் அது மெதுவாகத்தான் ஏறும், மூன்று வருடமாகப் பார்க்கிறேன், அதனால் கவலைப்படவில்லை. பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு வரும்போது 96 காட்டியது. 88-ம், போட்ட 2 லிட்டரும், வந்த தூரமும் என்று மனக்கணக்கு போட்டால் ஏறக்குறைய சரியாக வந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறை 40 கி.மீ. சொச்சம், 96 இருக்கிறது, மறைத்து வைத்த லிட்டர் வேறு இருக்கிறது. ஏறிவிட்டேன்.

40 கொண்டை ஊசி வளைவு, பின்னால் ஆள், பாதி நேரம் இரண்டாவது கியர். 96 என்பது 90 ஆனது, 83 ஆனது, 76 ஆனது. மலையில் மைலேஜ் அடிபடும் என்று தெரிந்ததுதானே, ஒழுங்காகத்தான் குறைகிறது என்று நினைத்தேன். அட்டகட்டியை நெருங்கும்போது வண்டி இரண்டு முறை இழுத்தது, அப்புறம் அணைந்துவிட்டது. மீட்டரில் 71. எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை.

பெட்ரோல் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளக்கா, வயரிங்கா என்று பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாதான் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் ஈரம் மட்டும் இருந்தது.

மணி ஐந்தரை, பனி இறங்கிக்கொண்டிருந்தது. சிறுத்தை, யானை நடமாடுகிற மலை. ஆழியாறை விட்டால் வால்பாறை ஊருக்குள் போகும் வரை நான் பங்க் எதையும் பார்த்ததில்லை. ஒரு எஸ்டேட் ஜீப்பில் இடம் கிடைத்தது, ஒரே ஒரு இடம். அப்பா வண்டியோடு நிற்கிறேன் என்றார். 67 வயது, மூட்டு வலி. இரண்டு வீடு இருந்த இடமாகப் பார்த்து வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுப் போனேன். பங்க்கில் பிளாஸ்டிக் பாட்டிலில் தர மாட்டோம் என்றார்கள், அவர்கள் சொல்வதும் சரிதான், பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கெஞ்சி ஒரு தகரக் கேன் வாங்கி, வாடகைக்கு ஆட்டோ பிடித்துத் திரும்பி வர ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த வீட்டம்மா அப்பாவுக்கு நாற்காலி போட்டு, சுக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்திருந்தார். அந்தம்மா இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெட்ரோல் ஊற்றியதும் உடனே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம், பயப்பட வேண்டாம். சாவியைப் போட்டு, டேங்குக்குள் இருக்கிற பம்ப்பின் ரீங்காரம் அடங்கும் வரை இரண்டு மூன்று விநாடி விட்டு, அணைத்து, மறுபடி போட வேண்டும். நாலைந்து முறை இப்படிச் செய்தால் அழுத்தம் ஏறிவிடும். அதற்கு முன்னால் செல்ஃபை அடித்து அடித்து பேட்டரியைத் தீர்க்காதீர்கள்.

சர்வீஸில் கழற்றிப் பார்த்ததில், ஃப்ளோட்டின் கை நகர்கிற தடம் ஒரு இடத்தில் தேய்ந்து, கை அங்கேயே சிக்கிக்கொண்டிருந்தது. தம்பி கையில் இருந்தபோதே சிக்கியிருக்கிறது, அவன் பெட்ரோல் போடவே இல்லையாம், மீட்டரில் நிறைய இருந்ததே என்றான். அவன் மேல் தப்பில்லை. அப்படியானால் எண் எப்படிக் குறைந்தது என்று கேட்டேன், ஏனென்றால் என்னை ஏமாற்றியது அதுதான். யோசித்தால் புரிகிறது. மறைத்து வைக்கிற லிட்டர் போக, மீட்டரின் லிட்டர் கணக்கு 2.1-லேயே நின்றுவிட்டது. மைலேஜ் மட்டும் மலையில் 45-லிருந்து 34-க்கு இறங்கியது. 2.1-ஐ 45-ஆல் பெருக்கினால் 95 வருகிறது, 34-ஆல் பெருக்கினால் 71. பெட்ரோல் குறைவதை அது காட்டவே இல்லை, நான் மலை ஏறுவதைக் காட்டியிருக்கிறது. ஒரே எண்ணில் நின்றிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். பழைய முள் மீட்டர் சிக்கிக்கொண்டால் அசையாது, பார்த்ததும் தெரியும். இது சிக்கிய பிறகும் அசைந்துகொண்டே இருக்கிறது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரில் இடது பக்கம் ஒரு பெட்ரோல் டேப் இருந்தது. டேங்குக்குள் உயரமாக ஒரு குழாய், தாழ்வாக ஒரு குழாய், அவ்வளவுதான். வண்டி இழுத்தால் "ரிசர்வ்ல விழுந்துடுச்சு" என்று ஓடும்போதே கையை விட்டுத் திருப்புவார், அடுத்த பங்க் வரை போய்விடலாம். 2020 ஏப்ரலில் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்து, கார்புரேட்டர் போய் பெரும்பாலான வண்டிகள் பெட்ரோலைப் பம்ப்பால் பீச்சும் இன்ஜெக்‌ஷன் ஆனபோது அந்த டேப்பும் போய்விட்டது. இப்போது பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் முழுகிக் கிடக்கிறது, அந்தப் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. வறண்டு ஓடினால் பம்ப்புக்கே கெடுதல், அதை மாற்ற ஆகிற செலவு ஃப்ளோட்டைவிடப் பல மடங்கு. புகை குறைவு, மைலேஜ் நல்லது, காலையில் சோக் இழுக்க வேண்டியதில்லை, எல்லாம் சரி. ஆனால் ரிசர்வை எடுத்தவர்கள் அதன் இடத்தில் ஒரு எண்ணைத்தான் வைத்தார்கள்.

புது ஃப்ளோட், கூலியோடு 1,350 ரூபாய். மாற்றிய பிறகு ஆறு முறை எழுதிப் பார்த்தேன், கணக்கு முன்னைவிடத் துல்லியமாக இருக்கிறது, 50 காட்டினால் அதே 2.1 லிட்டர், பிசகவே இல்லை. இருந்தாலும் அந்தத் திரையை இப்போது பார்ப்பதில்லை, பட்டனை அழுத்தி எப்போதும் ட்ரிப்பில்தான் வைத்திருக்கிறேன். ஃபுல் அடித்தால் பூஜ்யம், 350 ஆனால் பங்க், மலை என்றால் அடிவாரத்தில் ஃபுல். 200-க்கும் 300-க்கும் போடுவதை விட்டுவிட்டேன், ஏனென்றால் ட்ரிப் கணக்கு நிற்க வேண்டுமானால் ஃபுல் டேங்க் ஒன்றுதான் வழி. யாராவது வண்டியை வாங்கிப் போய்க் கொடுத்தால் முதல் வேலை பங்க்குக்குப் போவதுதான்.

தம்பியிடம் வண்டியை எடு என்றுதான் சொன்னேன். என்னைக் கேட்டால், அடுத்த முறை ரேஞ்ச் காட்டாத வண்டியாகப் பார்த்துத்தான் எடுப்பேன், 62 முறை சரியாகச் சொன்னது என் நோட்டிலேயே இருக்கிறது, இருந்தும்தான்.

போன ஞாயிறு உடுமலை கிளம்பும்போது திரை தவறுதலாக ரேஞ்சுக்கு மாறி 210 என்று காட்டியது. அப்பா வண்டியை இரண்டு பக்கமும் ஒரு ஆட்டு ஆட்டி, டேங்கில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.