அண்ணன் பாலிசியும் அம்மா கையெழுத்தும்: ஊர்ல 3 வாரம்

அண்ணன் செத்து, அவன் அடியந்திரத்துக்கு (கருமாதிக்கு) மஸ்கட்ல இருந்து லீவு போட்டு வந்தவன், 3 வாரத்துல பாதி நாளு ஆபீஸ் வாசல்லதான் நின்னேன். டெத் சர்டிபிகேட் சீக்கிரமே கெடச்சிட்டு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. வாரிசு சர்டிபிகேட்டுக்கு தக்கலைல இ-சேவை மையத்துல பதிஞ்சோம், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு அது தன் பாட்டுக்கு நகருது.

இன்சூரன்ஸ்லதான் மாட்டிக்கிட்டோம். அண்ணன் 12 லட்சம் பாலிசி எடுத்தது கல்யாணத்துக்கு முன்னாடி, நாமினி அம்மா, 2 பிள்ளைங்க ஆன பொறவும் மாத்தல. ஒரு பாரம் எழுதி கொடுத்தா போதும், ஆனா ஏஜென்ட் பிரீமியத்துக்கு மட்டும் கரெக்டா வீட்டுக்கு வருவாரு, நாமினி பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. மைனி கவுண்டர்ல போய் நின்னா "நாமினி கையெழுத்து போடணும்மா, நீங்க போட முடியாது"ன்னு அனுப்பிட்டாங்க. சொன்னது சரிதான், ஆனா புருஷன் செத்து ஒரு மாசம்கூட ஆகாத பொண்ண உக்காரக்கூட சொல்லல. (என் பாலிசிய எடுத்து பாத்தேன், அதுலயும் அம்மா பேருதான், அன்னிக்கே மாத்திட்டேன்.)

நாகர்கோவில்ல ஒரு வக்கீல் அண்ணாச்சிய பாத்தோம். நாமினி பணத்த வாங்கி வைக்குற ஆளுதான், சொந்தக்காரர் இல்லன்னு 1983ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, பொறவு 2015ல இன்சூரன்ஸ் சட்டம் 39வது பிரிவ மாத்தி அப்பா அம்மா, புருஷன் பொண்டாட்டி, பிள்ளைங்க நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே உரியதுன்னு ஆக்கினாங்க, ஆனா 2025ல கர்நாடகா ஹைகோர்ட் அப்பவும் வாரிசுங்க பங்கு கேக்கலாம்னு சொல்லியிருக்குன்னாரு. இந்து வாரிசு சட்டப்படி பாத்தா அம்மா, மைனி, 2 பிள்ளைங்க நாலு பேருக்கும் சமம், ஆளுக்கு 3 லட்சம். கேஸ்னு போனா எத்தன வருஷம்னு கேட்டேன், சிரிச்சாரு.

அம்மா மொதல்ல "எனக்கு எதுக்கு மக்களே ரூவா, பிள்ளையளுக்கு போடு"ன்னுதான் சொன்னா. ராத்திரி அக்காவும் அத்தானும் வந்துட்டு போன பொறவு பேச்சே இல்ல. அத்தான் என்கிட்ட நேராவே சொன்னாரு, "அம்மைக்க பேர்ல உள்ளது அம்மைக்குத்தான், வயசான காலத்துல ஆரு பாப்பா?" அதுலயும் ஞாயம் இல்லன்னு சொல்ல முடியல. மைனி ஒரு வார்த்தை பேசல, அதுதான் எனக்கு தாங்கல.

கடைசில அம்மா கையெழுத்து போட்டா, பிள்ளைங்க பேர்ல எப்டி போடுறதுன்னு பணம் வந்த பொறவு பாக்கலாம்னு சொல்லிட்டா. க்ளெய்ம் கொடுத்தாச்சு, பணம் அம்மா அக்கவுண்டுக்கு வரும். பாஸ்புக் அக்கா வீட்டு பீரோவுல இருக்கு.