குளிர்காலத்தில் ஆர்.ஓ. தண்ணீர் மெதுவாக வருகிறதா? நான்கு குளிர்காலம் அளந்து பார்த்த அனுபவம்

எங்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருப்பது பம்ப் வைத்த சாதாரண ஆர்.ஓ. மெஷின். 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு 75 கேலன்) மெம்பரேன், அதாவது உப்பைத் தடுக்கும் சவ்வு; 8 லிட்டர் தொட்டி. வாங்கிய வருடம் கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. குளிர் ஆரம்பித்ததும் தொட்டி நிரம்புவதே பெரும்பாடாகிவிட்டது. காலையில் எழுந்து குழாயைத் திறந்தால் ஒரு சொம்பு வரும், அப்புறம் நூல் மாதிரி ஒழுகும்.

சர்வீஸுக்குச் சொன்னோம். வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மெம்பரேன் போயிடுச்சு" என்றார். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மாற்றினோம். தண்ணீர் வரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வெயில் காலம் வந்ததும் தானாகவே பழையபடி வேகமாக வர ஆரம்பித்தது. நல்ல மெம்பரேனைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த ஆற்றாமையில்தான் அளக்கத் தொடங்கினேன்.

அளப்பது சுலபம். தொட்டிக்குள் போகும் நல்ல தண்ணீர்க் குழாயைக் கழற்றி அளவுக் குவளையில் விட்டு, சரியாக ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். உப்போடு வெளியே போகும் கழிவுநீர்க் குழாயையும் அப்படியே பிடித்துப் பார்க்கலாம். உள்ளே வரும் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்து வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். கோடையில் தண்ணீர் 27 டிகிரி இருந்தபோது எனக்கு நிமிடத்துக்கு 200 மில்லி வந்தது. குளிர் உச்சத்தில் காலை 12 டிகிரியில் 120 மில்லி. 40 நிமிடத்தில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல்.

காரணம் தண்ணீரிலேயே இருக்கிறது. 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதன் பிசுக்குமை (எளிதில் ஓடவிடாத தன்மை) கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிடும். மெம்பரேனின் நுண்ணிய இடைவெளிகளில் அது மெதுவாகத்தான் நுழையும். மெம்பரேன் மேல் எழுதியிருக்கும் ஜிபிடி கணக்கே 25 டிகிரி தண்ணீருக்குத்தான். அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். என் நோட்டில் உள்ள அளவுகள் இதோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன.

இன்னொன்றையும் பாருங்கள்: டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. எங்கள் வீட்டில் கோடையில் 34 காட்டிய நல்ல தண்ணீர் குளிரில் 30 காட்டியது. மெம்பரேன் கிழிந்திருந்தால் டிடிஎஸ் ஏறியிருக்கும். வரத்து குறைந்து டிடிஎஸ் ஏறாமல் இருந்தால், மெம்பரேனை மாற்றச் சொல்பவரிடம் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

சரி, வரத்தைக் கூட்ட என்ன செய்தேன்?

முதலில் செய்தது வீண் வேலை. உள்ளே வரும் குழாயை 10 மீட்டர் நீளத்துக்குச் சுருளாகச் சுற்றி அறைக்குள் வைத்தேன், போகிற வழியில் தண்ணீர் சூடாகும் என்று. அரை டிகிரிகூட ஏறவில்லை. கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும். அந்த மெல்லிய குழாய் முழுவதும் பிடிப்பதே சுமார் 125 மில்லிதான். மெஷினோ நல்லதும் கழிவுமாக நிமிடத்துக்கு 550 மில்லி இழுக்கிறது. தண்ணீர் சுருளுக்குள் இருப்பது கால் நிமிடம்கூட இல்லை.

பலன் தந்தது டிரம். மூடி போட்ட, குடிநீருக்கு ஏற்ற 40 லிட்டர் டிரம் ஒன்றை மெஷினைவிட உயரமாகச் சமையலறைக்குள்ளேயே வைத்து, இரவே நிரப்பிவிடுகிறேன். காலையில் தண்ணீர் 20 டிகிரிக்கு வந்திருக்கும். அதிலிருந்து மெஷினுக்குக் குழாய் கொடுத்ததும் நிமிடத்துக்கு 155 மில்லி. தொட்டி 50 நிமிடம் சொச்சத்தில் நிரம்பிவிடுகிறது. ஒரு தடவை நிரம்ப, கழிவோடு சேர்த்து 30 லிட்டருக்கு மேல் போகும், அதனால் சின்ன வாளி போதாது. டிரம்மில் தண்ணீரைப் பழசாக விடக்கூடாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

டிரம்முக்கு இடம் இல்லாதவர்கள் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். மொட்டைமாடித் தொட்டியில் காலை 12 டிகிரி இருக்கும் தண்ணீர் மதியம் 3 மணிக்கு 17 ஆகியிருக்கும். அப்போது மெஷினை ஓடவிட்டாலே 140 மில்லி வருகிறது. செலவே இல்லாத வழி இது.

இரண்டாவது குளிர்காலத்தில் அதே 12 டிகிரியில் 105 மில்லிதான் வந்தது. குளிர் மட்டும் காரணம் என்றால் 120 வர வேண்டுமே என்று மண், தூசியைத் தடுக்கும் செடிமென்ட் பில்டரைக் கழற்றினேன். பழுப்பு நிறமாக, தொட்டால் கையில் ஒட்டும் சேறு. புதுசு போட்டதும் 120. அதிலிருந்து குளிருக்கு முன்பே பில்டர் மாற்றிவிடுகிறேன்.

இரண்டு விஷயங்களை மட்டும் செய்யாதீர்கள். வெந்நீர்க் குழாயை மெஷினோடு இணைக்க வேண்டாம். வீட்டு மெம்பரேன்களுக்குப் பொதுவாக 45 டிகிரிதான் உச்ச வரம்பு, ஹீட்டர் தண்ணீர் அதை எளிதில் தாண்டிவிடும். அடுத்தது, கழிவைக் குறைக்கிறேன் என்று எப்.ஆர்.-ஐ (கழிவுநீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம்) இறுக்குவது. குளிரில் நல்ல தண்ணீர் குறைவதால் கழிவு அதிகம் போகிற மாதிரி தெரியும், மனசு கேட்காதுதான். ஆனால் கழிவு ஓட்டத்தை அடைத்தால் உப்பு மெம்பரேன் மேலேயே படியும். அந்தத் தண்ணீரை நான் வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்கிறேன்.

முதல் வருடம் புதிதாகப் போட்ட அந்த மெம்பரேன்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் டிரம் தண்ணீரில் அளந்தேன்: 20 டிகிரி, 150 மில்லி, டிடிஎஸ் 33.