பத்துப் பொருத்தம் பார்த்து வாங்க வேண்டிய பிக்கார்டு

பேஸ் கிட்டாரின் முகப்பில் ஸ்க்ரூ போட்டு மாட்டும் தகடுதான் பிக்கார்டு, சுருக்கமாக கார்டு. ‘பிரிசிஷன் பேஸ், 13 துளை, 3 ப்ளை (மூன்று அடுக்கு)’ என்று போட்டு விற்கிற மாற்று பிக்கார்டு, ஃபெண்டர் கம்பெனியின் அமெரிக்க, மெக்சிகோ தயாரிப்புகளில் பெரும்பாலும் சிக்கலில்லாமல் உட்காரும். ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்க்வயரோ வேறு காப்பியோ வைத்திருப்பவர்கள் அளவெடுக்காமல் ஆர்டர் போட வேண்டாம். 13 என்பது எத்தனை துளை என்பதைத்தான் சொல்கிறது. எந்த இடத்தில் என்பதைச் சொல்வதில்லை.

1957-இல் இந்த பேஸ் இன்றைய வடிவத்துக்கு வந்தபோது அதில் இருந்தது 10 ஸ்க்ரூ போட்ட, தங்க நிற அலுமினிய கார்டு. 1959-இல் பிளாஸ்டிக்குக்கு மாறியபோது ஸ்க்ரூ 13 ஆனது. பிளாஸ்டிக் வளையும், கூடுதல் பிடிப்பு தேவை. ஆகவே 57 மாடலின் ரீஇஷ்யூ (மறுபதிப்பு) கையில் இருந்தால் 13 துளை கார்டு பக்கமே போகக் கூடாது. ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸில் வால்யூம், டோன், ஜாக் (கேபிள் செருகும் இடம்) எல்லாம் தனி உலோகத் தகட்டில் இருப்பதால் கார்டு அரை மி.மீ. விலகினாலும் சமாளிக்கலாம். பிரிசிஷனில் அந்த மூன்றையும் கார்டேதான் தாங்குகிறது. தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்போ கார்டின் வெட்டு வழியாக இறங்கி நேராக மரத்தில் ஸ்க்ரூ ஆகிறது. கார்டு 1 மி.மீ. நகர்ந்தால் முதலில் இடிப்பது பிக்கப் கவரில் ஸ்க்ரூ போடும் காதுகள்.

வாங்கும் முன் பழைய கார்டைக் கழற்றி ஒரு தாளில் வைத்து, கூர் சீவிய பென்சிலால் துளைகளோடு வரைந்துகொள்ளுங்கள். விற்பவரிடம் மூன்று அளவு கேளுங்கள்: நெக் பக்கத்து இரண்டு ஸ்க்ரூக்களின் இடைவெளி, அங்கிருந்து ஜாக் துளையின் மையம் வரை தூரம், பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் சுழல் மின்தடை) துளையின் விட்டம். அளவு தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே லாபம். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் எந்தப் பக்கம் திருகுகிறது என்றும் பாருங்கள். பாடிப் பக்கம் திருகும் பழைய பாணி நெக் என்றால் கார்டில் அதற்கான பள்ளம் வெட்டியிருக்க வேண்டும். தலைப் பக்கம் திருகும் நெக்கில் அந்தப் பள்ளம் வெறும் ஓட்டையாகத் தெரியும், அவ்வளவுதான்.

பாட் துளையில்தான் பலரும் ஏமாறுவது. சி.டி.எஸ். கம்பெனியின் பெரிய பாட்டுக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும்; மலிவு பேஸ்களில் வரும் சிறு பாட்டின் கழுத்து 7 மி.மீ. பெரிய துளையில் சிறு பாட் போட்டால் அகலமான வாஷர் கொடுக்காமல் நிற்காது. சிறு துளையைப் பெரிதாக்க சாதாரண டிரில் பிட் போடாதீர்கள், பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்துப் பிளந்துவிடும். ஸ்டெப் பிட் அல்லது கை ரீமர் போதும்.

தரத்தில் ஃபெண்டரின் சொந்த கார்டு முன்னே நிற்கிறது: ஸ்க்ரூ தலை உட்காரும் குழி சரியான ஆழம், விளிம்புச் சரிவு ஒரே சீர். மலிவு கார்டுகளில் குழி ஆழம் குறைவாக இருந்து ஸ்க்ரூ தலை துருத்துவது சகஜம். பார்வைக்கு வித்தியாசம் பெரிதில்லை, டார்ட்டாய்ஸ் (ஆமை ஓடு போன்ற) நிறத்தைத் தவிர. மலிவு டார்ட்டாய்ஸ் பெரும்பாலும் காகிதத்தில் அச்சடித்ததுபோல் தட்டையாகத் தெரியும்.

மாட்டும்போது எல்லா ஸ்க்ரூவையும் தளர்வாகப் போட்டு, பிக்கப்பைச் சுற்றி இடைவெளி சமமா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள். பாதுகாப்பு ஃபிலிமை முன்பே உரித்துவிடுங்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் மாட்டிய துணுக்கு லேசில் வராது. ஒன்றிரண்டு துளை விலகினால் கார்டின் துளையை நீள்வட்டமாக ராவாதீர்கள். குழி கெட்டு, ஸ்க்ரூ ஒரு பக்கமாக அழுத்தி, அங்கேதான் விரிசல் விடும். மரத்தின் பழைய துளையில் மரப்பசை தடவிய மூங்கில் குச்சியை அடித்து, ஒரு நாள் காயவிட்டு, 2 மி.மீ. பிட்டால் புதிதாகத் துளையிடுங்கள். நான்கைந்து துளை விலகினால் கார்டைத் திருப்பி அனுப்புங்கள்.

பழைய கார்டின் பின்னால் அலுமினிய ஃபாயில் இருந்து புதியதில் இல்லையென்றால் இரைச்சல் வரும். விரல் உரசும்போது நிலை மின்சாரம் சேர்ந்து ‘படபட’ என்று ஆம்ப்பில் கேட்பதும் இதனால்தான். பாட், ஜாக் வரும் பகுதி முழுவதும் ஃபாயில் டேப் ஒட்டுங்கள். பாட்டின் உலோகம் அதைத் தொட வேண்டும், ஜாக்கின் சிக்னல் முனை தொடக் கூடாது. தொட்டால் சத்தமே வராது.

எதுவும் பொருந்தவில்லையா? பெயர்ப்பலகை செய்யும் லேசர் கடையில் 3 மி.மீ. காஸ்ட் அக்ரிலிக்கில் வெட்டச் சொல்லுங்கள். போன் படம் கோணலாகும், அதனால் பழைய கார்டை ஸ்கேனரில் இரண்டு பாதியாக எடுத்து இணையுங்கள். வரைபடத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு, அட்டையில் அச்செடுத்து, அளவுகோலால் அந்தக் கோட்டைச் சரிபார்த்து, அட்டையை பேஸ் மேலேயே வைத்துப் பார்த்த பிறகுதான் ஃபைலைக் கொடுக்க வேண்டும். ஸ்க்ரூ துளை 3.2 மி.மீ. இருக்கட்டும். குழியை லேசரால் போட முடியாது. கவுன்டர்சிங்க் பிட்டைக் கையாலேயே திருகிப் போடுங்கள். 2 மி.மீ. ஷீட் போட்டால் ஜாக் பக்கம் கேபிள் இழுபட்டே உடையும். 3 ப்ளை பி.வி.சி. ஷீட் கொண்டுபோனால் கடைக்காரர் மறுப்பார். அவர் செய்வது சரி, பி.வி.சி. லேசரில் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஆளுக்கும் கெடுதல், மெஷினுக்கும் கெடுதல். பி.வி.சி.யை வெட்ட 6 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திய பலகை) அச்சும் பேரிங் வைத்த ரவுட்டர் பிட்டும் தேவை, விளிம்புக்கு 45 டிகிரி பிட் தனி. ஒரே ஒரு கார்டுக்காக இதையெல்லாம் வாங்குவது வீண் செலவு.

அக்ரிலிக் வெட்டி வந்ததும் விளிம்பை ஸ்பிரிட், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். லேசர் பட்ட விளிம்பில் மயிரிழை விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும்.