டிவிஎஸ் 50 என்ஜினைப் பழைய பார்ட்ஸ் வைத்துக் கட்டிய கதை: எல்லாம் சரி, அந்த ஒரு ஆயில் சீலைத் தவிர

அக்கா மகன் போன் செய்திருந்தான். வீட்டில் கிடக்கும் டிவிஎஸ் 50 மொபெட்டை ஓட வைக்க ஆசை. "மாமா, பிஸ்டன் செட் மட்டும் போட்டா போதும்னு மெக்கானிக் சொல்றார். மத்ததைப் புதுப்பேட்டைல தேத்திடலாமா?" என்று கேட்டான். புதுப்பேட்டை என்றால் சென்னையில் பழைய வண்டி பார்ட்ஸ் விற்கும் இடம். அங்கே தேத்தித்தான் என் டிவிஎஸ் 50-ஐக் கட்டினேன். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் பிஸ்டன். அதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து (போர் அடித்து), அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்கும் போட்டேன். ரிங் பள்ளத்தில் சின்னதாக ஒரு முளை இருக்கும், ரிங்கின் வாய் அதில்தான் உட்கார வேண்டும். விலகினால் சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் துவாரத்தில் மாட்டி உடையும். எக்ஸாஸ்ட் போர்ட்டில் படிந்த கரியைச் சுரண்டி எடுத்தேன். பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் பாயிண்டும் கண்டென்சரும் புதுசு. இதுவரை இவற்றில் ஒரு குறையும் இல்லை.

என்ஜின் கேஸை மட்டும் மாற்றவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். என்ஜின் நம்பர் அடித்திருப்பது அதில்தான். ஆர்.சி.யில் இருக்கும் நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் ரினியூவல் சமயத்தில் அலைய வேண்டிவரும். அதனால் கேஸ் அப்பா காலத்தில் வந்ததே. பேரிங்குகளை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காலையில் கேஸை அடுப்பில் சூடாக்கினேன். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும் சூட்டில் பேரிங்கை வைத்தால் போதும், 'டொக்' என்று தானாகவே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சுத்தியலே தேவையில்லை. இப்படி வேலை செய்வதில் வருகிற திருப்தியே தனி.

வினை கிராங்கில், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டில் இருந்தது. பழைய கிராங்கின் பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்) போய்விட்டதால் வேறு தேட வேண்டியதாயிற்று. புதுப்பேட்டைச் சந்துகளில் அலைந்து, கிடைத்ததில் தேவலை என்று ஒன்றை எடுத்தேன். கனெக்டிங் ராடில் மேலும் கீழுமாக ஆட்டம் கிடையாது. லேத்தில் டயல் வைத்துப் பார்த்ததில் ஓட்டமும் நேராகத்தான் இருந்தது. ஆனால் மேக்னெட் பக்கம் ஆயில் சீல் (தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் இடத்தில், நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு பள்ளம். வருஷக்கணக்காகச் சீலின் லிப், அதாவது உள்விளிம்பு, உரசி உரசி விழுந்தது. கடைக்காரர், "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது சார்" என்றார். ஒண்ணும் பண்ணாதா? இன்றுவரை என் உயிரை வாங்குவது அந்தப் பள்ளம்தான்.

டிவிஎஸ் 50 மாதிரி டூ ஸ்ட்ரோக் என்ஜினில், கிராங்க் சுற்றும் அந்தக் கேஸே ஒரு பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே இழுக்கும், கீழே வரும்போது அதை அழுத்தி சிலிண்டருக்கு ஏற்றும். அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கார்புரேட்டர் வழியாக வராத காற்று உள்ளே புகும். கலவை மெலியும், சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல பிஸ்டன் போட்டாலும் கீழே காற்று புகுந்தால் அது தாங்காது.

காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி அருமையாக ஓடும். தாம்பரம் தாண்டுவதற்குள் என்ஜின் நன்றாகச் சூடாகிவிடும். சிக்னலில் ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்ட பிறகும் 'ங்ங்ங்' என்று தானாக ரேஸ் ஆகும். ஏர் ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை. பிளக்கைக் கழற்றினால் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் பதில் வெள்ளை வெளேரென்று இருக்கும். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றேற்றி, சீலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது.

புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி உட்கார வைத்தால், லிப் பள்ளத்தில் விழாமல் தேயாத இடத்தில் ஓடும். அப்படிச் செய்ததில் சில மாதம் வண்டி தங்கமாக ஓடியது. அப்புறம் மறுபடியும் அதே ரேஸ். இனி நகர்த்த இடமும் இல்லை.

நியாயமாகச் சொல்கிறேன், வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1980-ல் ஓசூரிலிருந்து வந்தபோது இரண்டு பேர் உட்கார்ந்து போகும் மொபெட் என்பதே நாட்டுக்குப் புதுசு. 50 சிசி என்ஜினை வைத்துக்கொண்டு மூட்டை, பால் கேன், பிள்ளைகள் என்று எதையெல்லாம் சுமந்தது! என்ஜினைத் தனி ஆளாகக் கையில் தூக்கி மேசைமேல் வைத்துப் பிரிக்கலாம். பேட்டரி கிடையாது, இறங்கிப்போகும் என்ற கவலையும் கிடையாது. பெட்ரோல் தீர்ந்தாலும் பெடல் மிதித்தே பங்க் வரை போய்விடலாம். சீல் ஒழுங்காக இருந்த அந்த மாதங்களில், அதிகாலையில் ஏரிக்கரை ரோட்டில் அது ஓடிய ஓட்டத்துக்கு இன்றைய எந்த ஸ்கூட்டரையும் ஈடு சொல்ல மாட்டேன்.

ஆனாலும் மாப்பிள்ளை, உனக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். உனக்கு தினமும் வேலைக்குப் போய் வர வண்டி வேண்டும். அதற்கு 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 இருக்கிறது, அதை வாங்கிக்கொள். பழைய கிராங்கை நம்பி என்ஜினைக் கட்டாதே. அதற்கு மேலும் ஆசை விடவில்லை என்றால், பிஸ்டனை ஓரமாக வை. கடையில் கிராங்கைக் கையில் வாங்கி, துணியால் துடைத்து, சீல் உட்காரும் இரண்டு பக்கமும் நகத்தால் வருடிப் பார். வழவழவென்று இருக்கிற ஒன்று கிடைத்தால் விலை பேசாமல் எடுத்துக்கொண்டு, எனக்கும் அதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வா.