காரிலிருந்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் 'கிட்' வாங்காதீர்கள்

புயல் சீசனை வைத்து எங்கள் திண்டிவனம் பக்கம் ஒரு பேட்டரிக் கடையில் ஒரு சாமான் விற்கிறார்கள். சிவப்பு, கறுப்பு என்று இரண்டு வயர், நான்கு முனையிலும் கிளிப், நடுவில் நம்பர் ஓடும் சின்னப் பெட்டி. காரை ஸ்டார்ட் பண்ணி மாட்டிவிட்டால் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஒரு மணி நேரத்தில் ஃபுல் ஆகிவிடும் என்று சொல்லி 6,500 ரூபாய் வாங்குகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் உபயோகிக்காதீர்கள்.

இதை ஏன் வாங்கத் தோன்றுகிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் கரண்ட் வர நாள்கணக்கில் ஆனது. இன்வெர்ட்டர் முதல் நாளே உட்கார்ந்துவிட்டது. அப்பாவுக்கு ஆஸ்துமா, ராத்திரியில் நெபுலைசர் வைத்தே ஆக வேண்டும். வாசலில் டேங்க் நிறைய பெட்ரோலோடு கார் நிற்கிறது. அதிலிருந்து கரண்ட் எடுக்க முடிந்தால் எவ்வளவு நல்லது என்று யாருக்குத்தான் தோன்றாது? அந்தப் பயத்தைத்தான் கடைக்காரர் காசாக்குகிறார்.

கடையில் செய்து காட்டும் டெமோவைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன், ஏமாற்று முழுவதும் அதில்தான் இருக்கிறது. கார் பானெட்டைத் திறந்து, கிட்டின் ஒரு பக்கத்தைக் கார் பேட்டரியிலும் மறுபக்கத்தைக் கடையில் இருந்த ஒரு இன்வெர்ட்டர் பேட்டரியிலும் மாட்டினார். பெட்டியில் 12.6 என்று காட்டியது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் நம்பர் கடகடவென்று 14-ஐத் தாண்டியது. "பாருங்க சார், எப்படி ஏறுது! பத்து நிமிஷத்துல இவ்ளோன்னா ஒரு மணி நேரத்துல ஃபுல்லு" என்றார். ஏறியது சார்ஜ் இல்லை. இன்ஜின் ஓடும்போது அதன் சுழற்சியில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் வோல்டேஜ்தான் அது. பெரும்பாலான கார்களில் ஸ்டார்ட் செய்தவுடன் அந்த நம்பர் வரும். டெமோவுக்கு வைத்திருந்த பேட்டரியும் ஏற்கெனவே ஃபுல் சார்ஜில் இருந்தது. பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது என்று தெரிய ஆம்பியர் காட்டும் மீட்டர் வேண்டும். அது அந்தப் பெட்டியில் இல்லை.

இது தெரியாமல் டெமோவை நம்பி நாங்களும் வாங்கிவிட்டோம். அடுத்த மழையில் டிரான்ஸ்ஃபார்மர் போய் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாதபோது, அவர் சொல்லிக்கொடுத்தபடியே மாட்டினோம். கொஞ்ச நேரத்திலேயே பிளாஸ்டிக் கருகும் வாடை. டார்ச் அடித்துப் பார்த்தால் வயரின் மேல்தோல் மெழுகு மாதிரி இளகி, சிவப்பும் கறுப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இன்ஜினை நிறுத்தப் போவதற்குள் இரண்டும் உள்ளே தொட்டு, படீரென்று ஒரு பொறி. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். பொறி பேட்டரிக்குப் பக்கத்தில் பறந்திருந்தால் பேட்டரியே வெடித்து ஆசிட் தெறித்திருக்கலாம். மறுநாள் கார் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு அணையவே இல்லை. ஆல்டர்னேட்டரில் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் போய்விட்டது என்றார் எலெக்ட்ரீஷியன். வெளி வயரிங் சேர்த்திருப்பதால் வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்கள்.

அந்த எலெக்ட்ரீஷியன் பெட்டியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு வோல்ட் மீட்டர், ஒரு ரிலே, ஒரு எல்இடி விளக்கு. அவ்வளவுதான். ஃப்யூஸ் இல்லை, சார்ஜைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் எதுவும் இல்லை. அப்புறம் வயரை வெட்டி, கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். தடிமனான வயர் என்று நம்பவைத்ததும் வெறும் தோல்தான், உள்ளே கம்பி அதில் பாதிகூட இல்லை.

சரி, வயர் நல்லதாக இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் ஏறியிருக்குமா? ஏறாது. வீட்டில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) ட்யூபுலர் பேட்டரி. பாதி தீர்ந்திருந்தால் 75 ஆம்பியர் அவர் திரும்ப ஏற்ற வேண்டும். இந்த வகை பேட்டரிக்கு அதன் அளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் அளவில் ஏற்றுவதுதான் முறை. அப்படியென்றால் குறைந்தது ஐந்து மணி நேரம். கடைசியில் வேகம் குறைவதால் இன்னும் கூடும். சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டர் 60 முதல் 90 ஆம்பியர் வரை என்று எழுதியிருக்கும், ஆனால் அது இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது. ஐடிலில், அதாவது கார் நின்றபடி இன்ஜின் சும்மா ஓடும்போது, அதில் பாதி வந்தாலே பெரிது, அதிலும் காருக்கே ஒரு பங்கு போய்விடும். காலியான பெரிய பேட்டரியை நேரடியாக மாட்டினால் அது ஆரம்பத்தில் இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடேறித்தான் தீரும்.

செலவையும் பாருங்கள். ஐடிலில் சின்ன பெட்ரோல் கார் மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் குடிக்கும். ஐந்து மணி நேரத்துக்கு நான்கு லிட்டர் என்றால் ஏறக்குறைய 400 ரூபாய். பேட்டரியில் சேர்வது ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

இன்னும் சில விஷயங்களைக் கடைக்காரர் சொல்லவே மாட்டார். புதிய கார்கள் பலவற்றில் தன் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜை 13-க்குப் பக்கத்தில் குறைத்துவிடும் ஆல்டர்னேட்டர் வருகிறது. அதில் வீட்டு பேட்டரி எத்தனை மணி நேரமானாலும் நிறையாது. இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் இன்வெர்ட்டருக்குக் கார் ஆகவே ஆகாது. இன்ஜினை நிறுத்திவிட்டு வயரை அப்படியே விட்டால், காலியான பேட்டரி கார் பேட்டரியையும் இழுத்துக் காலி பண்ணிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மழைக்குப் பயந்து மூடிய போர்டிகோவிலோ ஷெட்டிலோ இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிற ஆள் தூக்கத்திலேயே போய்விடுவார்.

காரை வைத்து எதுவுமே முடியாதா என்றால், முடியும். டிசி-டிசி சார்ஜர் என்று தனியாக ஒரு கருவி இருக்கிறது. 20 ஆம்பியர் என்றால் வீட்டு பேட்டரிக்கு 20-க்கு மேல் ஏற்றாது, பேட்டரிக்குத் தேவையான 14.4 வோல்ட்டுக்கு அதுவே ஏற்றிக்கொடுக்கும். இரண்டு முனையிலும் ஃப்யூஸ் போட்டு, அசல் செம்பு கேபிளில், கார் எலெக்ட்ரிக்கல் தெரிந்த ஆளை வைத்து மாட்ட வேண்டும். இப்போது நாங்கள் அதையும் செய்யவில்லை. ஒரு சின்ன கார் இன்வெர்ட்டரைப் பேட்டரியில் ஃப்யூஸோடு இணைத்து, நெபுலைசரை மட்டும் நேரடியாக அதில் ஓட்டுகிறோம். வீட்டு பேட்டரியை நிரப்பி அதிலிருந்து எடுப்பதைவிட இதில் வீணாவது குறைவு. நெபுலைசர் எத்தனை வாட் என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள். சிகரெட் லைட்டர் பாயிண்டில் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃப்யூஸ்தான், அதில் பெரிய லோடு போடாதீர்கள். வி2எல் (காரிலிருந்து வெளிச் சாதனங்களுக்குக் கரண்ட் தரும்) வசதி உள்ள மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, காரிலிருந்தே 230 வோல்ட் வரும். ஆனால் அதை வீட்டு பிளக் பாயிண்டில் செருகி வீட்டு வயரிங்குக்குள் அனுப்பாதீர்கள். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு அது ஆபத்து.

கடைக்குப் போய்க் கேட்டால், "உங்க கார்ல ஏதோ ஃபால்ட் சார், விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். பில் கேட்டால் ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டைக் காட்டி அதுதான் பில் என்றார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தராமல் இருப்பதும், திரும்பப் பெறும் காலக்கெடு பில்லில் இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் எடுத்துக்கொள்ள மறுப்பதும் முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

இதே மாதிரி கிட் வாங்கி ஏமாந்தவர்கள் உருகிய வயரையும் பெட்டியையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சீட்டு, ஜிபே ரசீது, மெக்கானிக் எழுதித் தந்த காரணம், கிட்டைக் கழற்றுவதற்கு முன் எடுத்த போட்டோ, எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். ஆணையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.