கிளென்கோவா, ஆன்ட்ரிமா? குலப்பகைக் கதையை எங்கிருந்து தொடங்குவது

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து குலங்களின் பகையைப் பற்றிப் பேச வேண்டும். எல்லாச் சண்டைகளையும் அடுக்கினால் கேட்பவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு பகையை எடுத்து முழுசாகச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். கடைசியில் கையில் நின்றவை இரண்டு. ஒன்று ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கு, 1692: கேம்பெல்களும் மெக்டொனால்டுகளும். இன்னொன்று ஆன்ட்ரிம் கரை, 1565 முதல்: ஓ’நீல்களும் மெக்டானல்களும். நான் எடுத்தது ஆன்ட்ரிம்.

மூன்றாவதாக அயர்லாந்தின் பட்லர், ஃபிட்ஸ்ஜெரால்டு பகையையும் யோசித்தேன். டப்ளினில் புனித பாட்ரிக் பேராலயத்தில் ஒரு பழைய மரக்கதவு இருக்கிறது. நடுவில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. 1492இல் பட்லர் ஒருவர் உள்ளே தஞ்சம் புகுந்திருந்தபோது, கில்டேர் பிரபு சமாதானம் பேச அந்த ஓட்டை வழியாகத் தன் கையை நீட்டினார் என்பது கதை. அழகான கதைதான். ஆனால் இரண்டுமே இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்து குடியேறிய நார்மன் வழிவந்த பிரபுக் குடும்பங்கள். கேலிக் (Gaelic) குலம், அதாவது அந்த மண்ணின் பழைய மொழி பேசிய குலம், என்றால் என்ன என்பதை அவர்களை வைத்து விளக்க முடியாது.

சரி, கிளென்கோவுக்கு வருவோம். குலத் தலைவர்கள் மன்னர் வில்லியமுக்கு 1692 ஜனவரி 1க்குள் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. கிளென்கோ மெக்டொனால்டுகளின் தலைவர் மெக்இயன் கடைசி நேரத்தில் ஃபோர்ட் வில்லியமுக்குப் போனார். ‘இங்கே முடியாது, இன்வெரரிக்குப் போ’ என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே பிரமாணம் எடுத்தபோது ஜனவரி 6 ஆகிவிட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் ராபர்ட் கேம்பெல் தலைமையில் சுமார் 120 சிப்பாய்கள் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். மெக்டொனால்டுகள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, 13ஆம் தேதி விடியுமுன், தங்க இடம் கொடுத்தவர்களையே கொன்றார்கள். செத்தவர்கள் 38 பேர் என்பது வழக்கமான கணக்கு. தப்பி ஓடியவர்களில் இன்னும் பலர் பனியில் விறைத்துச் செத்தார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நாம் சொல்வதற்கு இதைவிடக் கொடிய சான்று கிடைக்காது.

கேட்பவர் மனதை ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும் கதை இது. ஆனால் குலப்பகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப் போனால் கைவிட்டுவிடுகிறது. சிப்பாய்கள் அரசாங்கப் படை. கொலைக்குத் திட்டம் போட்டவர் அரசுச் செயலர் ஜான் டால்ரிம்பிள், அவர் கேம்பெல் குலத்தவரே அல்ல. 70 வயதுக்குட்பட்ட யாரையும் விடாதே என்ற ஆணை எழுத்தில் வந்தது. கேம்பெல், மெக்டொனால்டு மாடு திருட்டுகளும் நிலத் தகராறுகளும் அதற்கு முன்பு உண்டுதான். ஆனால் அன்று நடந்தது அரசு செய்த கொலை. 1695இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்ற விசாரணையே அதைக் கொலை என்று சொன்னது.

இப்போது ஆன்ட்ரிம். அயர்லாந்தின் வடகிழக்கு மூலை. வரைபடத்தில் அடிக்கோல் வைத்துப் பார்த்தேன்: டார் முனையிலிருந்து ஸ்காட்லாந்தின் கின்டயர் முனைக்குச் சுமார் 20 கிலோமீட்டர்தான். இந்தக் கரையில் தீ மூட்டினால் அந்தக் கரையில் தெரியும், படகுகள் கிளம்பிவிடும். மெக்டானல் என்பதும் மெக்டொனால்டு என்பதும் ஒரே பெயர், ஒரே வம்சம். 1400ஐ ஒட்டி அந்த வம்சத்து ஜான் மோர், ஆன்ட்ரிம் பள்ளத்தாக்குகளின் வாரிசான மார்ஜரி பிசெட்டைக் கட்டிக்கொண்டதில் இந்த அயர்லாந்து நிலம் அவர்கள் கைக்கு வந்தது. ஆக, கதை தொடங்குவதே ஒரு கல்யாணத்தில்.

எதிர்ப்பக்கம் ஷேன் ஓ’நீல். கேலிக் அயர்லாந்தில் தலைவர் பதவி மூத்த மகனுக்குத் தானாகப் போகாது. ஆண்வழிப் பங்காளிகளில் வல்லவர் யாரோ அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் முதல் எதிரி வீட்டுக்குள்ளேயே இருப்பான். ஷேனின் தந்தை, தன் மகன் என்று ஏற்றுக்கொண்ட மேத்யூவை ஆங்கிலேய முறைப்படி வாரிசாக அறிவித்திருந்தார். 1558இல் ஷேனின் ஆட்கள் மேத்யூவைக் கொன்றார்கள். அப்புறம்தான் ஷேன் வெளியே திரும்பினார்.

1565 மே 2ஆம் தேதி, இன்றைய பாலிகாசிலுக்குப் பக்கத்தில் கிளென்டேசி என்ற இடத்தில் அவர் மெக்டானல்களை நொறுக்கினார். தலைவர் ஜேம்ஸ் மெக்டொனால்டும் அவர் தம்பி சோர்லி பாயும் சிறைப்பட்டார்கள். ஜேம்ஸ் சிறையிலேயே இறந்தார். இரண்டே வருஷத்தில் சக்கரம் சுழன்றது. 1567 மே மாதம் ஃபார்செட்மோரில், மேற்கே இருந்த இன்னொரு குலமான ஓ’டானல்கள் ஷேனைத் தோற்கடித்தார்கள். ஓடிய படையில் பலர் ஏறிவந்த கடல்நீரில் மூழ்கினார்கள். போக்கிடம் இல்லாமல் ஷேன் போய் நின்ற இடம் குஷண்டன், அதாவது தான் நொறுக்கிய மெக்டானல்களிடமே! கூடவே கைதி சோர்லி பாயையும் அழைத்துக்கொண்டு போனார். விருந்து நடந்தது. ஜேம்ஸின் விதவையை ஷேன் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று யாரோ சொன்ன பேச்சில் வாய்த்தகராறு முற்றி, ஷேனைக் கண்டதுண்டமாக வெட்டினார்கள் என்கிறது ஆங்கிலேயர் தரப்பில் எழுதிவைத்த கதை. தலை டப்ளின் கோட்டைக்குப் போய்க் கம்பத்தில் ஏறியது.

அவ்வளவு பகையாளியிடம் ஏன் போனார்? என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். பதில், படை. அயர்லாந்துத் தலைவர்களுக்கு வலுவான கூலிப்படை வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலிருந்துதான் வர வேண்டும். வெறுங்காலோடு குளிரில் நடப்பதால் அவர்களை ஆங்கிலேயர் ‘செங்காலர்’ என்றார்கள். கோடையில் வருவார்கள், குடியானவர் வீட்டில் தங்கிச் சாப்பிடுவார்கள், சண்டை போடுவார்கள், திரும்புவார்கள். இந்தப் படையைப் பெற நிச்சயமான வழி பெண் எடுப்பது.

அந்த விதவையின் பெயர் ஆக்னஸ் கேம்பெல், ஆர்கைல் பிரபுவின் மகள். ஆம், கேம்பெல்தான். கிளென்கோ கதையில் பரம எதிரிகளாக நிற்கும் கேம்பெல்லும் மெக்டொனால்டும் இங்கே கணவன் மனைவி. ஷேனுக்குப் பிறகு ஓ’நீல் பட்டத்துக்கு வந்தவர் டர்லோ லினாக். 1569இல் ஆன்ட்ரிம் கரைக்கு எதிரே உள்ள ராத்லின் தீவில் வைத்து ஆக்னஸ் அவரை மணந்தார். தன் கணவன் எந்தக் குலத்தின் சிறையில் செத்தாரோ, அதே குலத்தின் புதிய தலைவரை. சீதனமாகப் பொன்னும் மாடும் அல்ல, சுமார் 1,200 படைவீரர்கள் வந்ததாகச் சொல்கிறார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் அவர் மகள் ஃபினோலாவும் ஓ’டானல்களின் நாடான டைர்கானலின் தலைவர் ஹ்யூ ஓ’டானலைக் கட்டிக்கொண்டார். அவருக்கும் செங்காலர் படை துணை வந்தது. அவர் பெற்ற பிள்ளைதான் செம்முடி ஹ்யூ. பின்னாளில் ஓ’நீல்களோடு கைகோத்து எலிசபெத் அரசிக்கு எதிரான ஒன்பதாண்டுப் போரில் நின்றவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகம் மாறியது இந்த இடத்தில்தான். கொள்வினை கொடுப்பினை என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாவுக் கணக்கைப் பார்த்தால் ஓ’நீலும் மெக்டானலும் தீராப் பகை. கல்யாணக் கணக்கைப் பார்த்தால் சம்பந்திகள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்தக் காலத்து மனிதர்கள் செய்தது புரிகிறது. கிளென்கோவில் எனக்கு இரண்டாவது கணக்கு கிடைக்கவில்லை.

ஆன்ட்ரிமை எடுப்பதில் சிரமமும் உண்டு. பெயர்கள் குழப்பும். ஒரே பெயரில் மூன்று ஹ்யூ வருவார்கள். ஒரு வம்சாவளி வரைந்து தொங்கவிடாமல் பேச முடியாது. எனக்குக் கேலிக் மொழி தெரியாது, ஆங்கிலத்தில் படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன். ஆதாரங்களில் பெரும்பகுதி ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியவை என்பதால் ஷேனைப் பற்றிய வசைகளை அப்படியே எடுத்துக்கொள்ளவும் மனமில்லை. அந்தக் கரைக்கு நான் போனதும் இல்லை.

கிளென்கோவுக்கு நிகராக நெஞ்சை உலுக்கும் காட்சி இதில் இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. ஆக்னஸின் கல்யாணம் நடந்த அதே ராத்லினுக்கு, 1575இல் ஆங்கிலேயப் படை வருமென்று அஞ்சி மெக்டானல்கள் தங்கள் பெண்டு பிள்ளைகளைப் பாதுகாப்புக்காக அனுப்பினார்கள். ஆங்கிலேயத் தளபதி எசெக்ஸ் பிரபு படையை அங்கேயே அனுப்பினார். ஜான் நோரிஸ் தலைமை, கப்பல்களில் பிரான்சிஸ் டிரேக். கோட்டையில் சரணடைந்தவர்கள் சுமார் 200 பேரையும், குகைகளில் ஒளிந்திருந்தவர்கள் முந்நூறு நானூறு பேரையும் கொன்றார்கள். இது கொன்ற தரப்பே எழுதிய கணக்கு. எதிர்க்கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சோர்லி பாய் துக்கத்தில் பித்துப் பிடித்தவர்போல் ஆனார் என்று எசெக்ஸே அரசியின் செயலர் வால்சிங்கமுக்கு எழுதினார்.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது, கேட்பவர்களும் புதியவர்கள் என்றால் கிளென்கோவையே எடுங்கள், குறை சொல்ல மாட்டேன். இரண்டு மாலை கிடைத்தால் ஆக்னஸ் கேம்பெல்லின் கல்யாணத்திலிருந்து தொடங்குங்கள்.