வி-கிராஸ் முன்பக்கம் உட்கார்ந்துவிட்டதா? ஓல்டு மேன் ஈமு ஸ்பிரிங், ஷாக் போட்ட பிறகு எழுதுகிறேன்

பழைய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் பானட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேட்பதற்கு முன்னால் ஓர் அளவு டேப்பை எடுங்கள், முன் ஸ்பிரிங் தணிந்து மூக்கு இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். முன்சக்கரத்தின் நட்டநடுவில் இருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், வண்டி சமதளத்தில் ஆள் இல்லாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். என்னுடையது பிஎஸ் 4 புகை விதி காலத்து 2.5 லிட்டர் டீசல். முதல் ஓனர் முன்னால் கனமான இரும்பு பம்பரும் விஞ்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை) மாட்டி ஓட்டியவர், 2017 கடைசியில் புல் பார், அதாவது இந்த மாதிரி இரும்பு பம்பர் கூடாது என்று மத்திய அரசு சொன்ன பிறகு செக்கிங்கில் மாட்டி மாட்டி அலுத்துப்போய்க் கழற்றிவிட்டார். பாரம் போய்விட்டது, ஸ்பிரிங் மட்டும் எழவில்லை.

ஏற்காட்டில் இருந்து சேலம் இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் பிரேக் வைத்தால் மூக்கு அப்படியே குத்தும், வேகத்தடையில் கொஞ்சம் அசந்தாலும் சக்கரம் மேலே ஏறும் எல்லையில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும், ஸ்டீயரிங்கில் அந்த அடி தெரியும். இதோடு முன் டயர் இரண்டும் உள்பக்க விளிம்பில் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தன. இந்த வண்டியில் முன்னால் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தைப் பிடிக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டு, அதன் நடுவில் ஷாக் மேலேயே காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங் தணிந்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், அதனால்தான் உள்விளிம்பு போகிறது. அலைன்மென்ட் மட்டும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால் காசுதான் போகும்.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் பட்டை, பாரம் ஏற்றுவதற்கென்றே செய்தது, காலியாக இருந்தால் நிமிர்ந்து நிற்கும். முன்னால் டீசல் இன்ஜினின் எடை எப்போதும் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பிக்கப் வண்டி கொஞ்சம் முன்சாய்ந்து நிற்பது இயல்பு, அதை நோய் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் இருப்பது, பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது இடிக்கும் இடத்துக்கும் நடுவே விரல் நுழையாமல் இருப்பது, இதெல்லாம்தான் நோய்.

சரி, கடைகளில் என்ன சொல்கிறார்கள்? முதலில் ஷாக்கை மாற்று என்பார்கள். ஷாக் அப்சர்பர் வண்டியைத் தாங்குவதில்லை, அது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே. கேஸ் ஷாக்கில் ஒரு சின்னத் தள்ளல் இருக்கும், அது உட்கார்ந்த வண்டியைத் தூக்காது. அடுத்தது அந்த ரப்பர் பஃபர், ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகுவது. உயரம் வரும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் செருகிய இடத்தில் அந்தச் சுற்று வேலை செய்யாமல் பூட்டிக்கொள்கிறது, மீதிச் சுற்றுகள்தான் எல்லா அடியையும் வாங்க வேண்டும், வண்டி கட்டை மாதிரி ஆகிவிடும். ஷாக்குக்கு மேலே வைக்கும் அலுமினிய ஸ்பேசரும் அப்படித்தான். தளர்ந்த ஸ்பிரிங் அதே தளர்ந்த ஸ்பிரிங்காகவே உள்ளே இருக்கும், மேலே ஒரு பலகை வைத்ததுபோல. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அளவுக்கு மேல் தொங்கும், பால் ஜாயின்டும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்டும் அந்தக் கோணத்துக்குச் செய்தவை அல்ல. இன்னொரு இடத்தில் ஸ்பிரிங்கைச் சூடு பண்ணி இழுத்துத் தருகிறேன் என்றார்கள், தயவுசெய்து யாரும் அதற்குச் சம்மதிக்காதீர்கள், ஸ்பிரிங் ஸ்டீலின் உயிரே அதற்குக் கொடுத்த டெம்பர், அதாவது பதம்தான், நெருப்பு காட்டினால் அது போய்விடும்.

ஒரு விஷயம் நிறையப் பேர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். உட்கார்ந்த ஸ்பிரிங் மென்மையாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, இவை மாறாத வரை கடினம் மாறாது, குறைந்தது அதன் நீளம்தான். வருஷக்கணக்கில் அதிக எடையைத் தாங்கி ஸ்டீல் நிரந்தரமாகக் கொஞ்சம் குறுகிவிட்டது. அதனால் வேண்டியது சரியான நீளம் உள்ள புது ஸ்பிரிங், இன்னும் கடினமான ஸ்பிரிங் அல்ல. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எனக்கு யோசனை சொன்ன கடைகள் எல்லாம் "ஹெவி டியூட்டி போடுங்க சார், இனி உட்காரவே உட்காராது" என்றுதான் சொன்னார்கள். ஹெவி டியூட்டி என்று தடித்த கம்பி போட்டு, தடிமன் 14 மில்லிமீட்டரில் இருந்து 15 ஆனால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், கடினம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் அது தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. பம்பரும் விஞ்சும் இல்லாத வண்டியில் அதைப் போட்டால் மலைப்பாதையின் சின்னச் சின்னக் குழியெல்லாம் முதுகில் தெரியும், முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் துள்ளும்.

நான் போட்டது ஓல்டு மேன் ஈமு. மெல்போர்னில் 1975இல் ஆரம்பித்த ஏஆர்பி கம்பெனியின் சஸ்பென்ஷன் பிராண்டு. இவர்களிடம் எனக்குப் பிடித்ததே ஸ்பிரிங்கை எடையைப் பார்த்துப் பிரித்து வைத்திருப்பதுதான், முன்னால் ஒன்றும் மாட்டாத வண்டிக்கு ஒன்று, ஸ்டீல் பம்பர் உள்ளதற்கு ஒன்று, பம்பரோடு விஞ்சும் உள்ளதற்கு இன்னொன்று. வாங்கும்போது உங்கள் வண்டியில் இன்றைக்கு என்ன மாட்டியிருக்கிறது என்பதைச் சொல்லி வாங்குங்கள், எதிர்காலத்தில் மாட்டப்போவதை மனதில் வைத்து வாங்காதீர்கள். நான் எடுத்தது ஒன்றும் மாட்டாத வண்டிக்கான லேசான ஸ்பிரிங், கூடவே நைட்ரோசார்ஜர் ஸ்போர்ட் ஷாக், இரட்டைக் குழாய் கேஸ் ஷாக், பிஸ்டன் 35 மில்லிமீட்டர், ராடு 18 மில்லிமீட்டர், கையில் வாங்கினாலே கனம் தெரியும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஷாக்கை விட்டுவைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம். ஷாக்கைக் கழற்றாமல் ஸ்பிரிங் வெளியே வராது, கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

பிட்டிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பொருள் கெட்டுப்போவது இங்கேதான். ஸ்பிரிங் கம்ப்ரஸர் சரியான கருவியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொல்லும், கயிறு கட்டி, கம்பி சுற்றி வேலை பார்க்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள், அது உங்கள் வண்டிக்காக மட்டும் சொல்லவில்லை, அங்கே வேலை பார்க்கும் பையனுக்காகவும்தான். அப்புறம் லோயர் ஆர்ம், அப்பர் ஆர்ம் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக முறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. புஷ்ஷின் ரப்பர் இரும்போடு ஒட்டியது, தொங்கும் நிலையில் முறுக்கினால் வண்டி இறங்கியதும் அது முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் சரியாக வராது. சேலத்தில் எனக்குச் செய்துகொடுத்த மெக்கானிக் அண்ணன் இதை நான் சொல்லாமலே செய்தார், அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. புஷ், பால் ஜாயின்ட், ஷாக்கின் மேல் மவுன்ட் ரப்பர் எல்லாவற்றையும் அப்போதே பார்த்து, தேய்ந்ததை மாற்றச் சொன்னார், இரண்டாவது தடவை பிரிக்கிற கூலி மிச்சம்.

ஓட்டும்போது என்ன மாற்றம்? வளைவில் பிரேக் வைத்தால் முன்பக்கம் இறங்குகிறது, ஆனால் இறங்கி ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது, பழையபடி விழுவதில்லை. வேகத்தடையில் ஒரு தடவை ஏறி இறங்கி அடங்கிவிடுகிறது, அந்த இரண்டாவது மூன்றாவது ஆட்டம் இல்லை. பின்னால் காப்பி மூட்டை ஏற்றினால் ஸ்டீயரிங் மிதப்பது போல் இருந்தது போய்விட்டது, எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. காலி வண்டியாக டவுனுக்குள் மெதுவாகப் போகும்போது கம்பெனி ஸ்பிரிங்கை விட ஒரு துளி இறுக்கம் தெரிகிறது, ரோட்டில் ஒட்டுப்போட்ட இடங்கள் கைக்கு வந்து சேர்கின்றன. சொகுசு மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம்.

விலை அதிகம், அதில் சந்தேகமே இல்லை. இறக்குமதிப் பொருள், கம்பெனி ஸ்பிரிங், ஷாக் விலையோடு ஒப்பிட்டால் நன்றாகவே வலிக்கும். அதனால் நேராகச் சொல்கிறேன், உங்கள் வண்டி தார் ரோட்டில் மட்டும் ஓடுகிறது, மலை இல்லை, பாரம் இல்லை என்றால் புது கம்பெனி ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டாலே வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும், ஓல்டு மேன் ஈமு தேவையில்லை. மலையில் தினம் ஏறி இறங்குபவர்களுக்கும், எஸ்டேட் மண் பாதையில் ஓட்டுபவர்களுக்கும் கொடுத்த காசு தகும். வண்டியை நிறைய உயர்த்திக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் இதை வாங்காதீர்கள். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் கம்பெனி விவரத்தில் இருந்து மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறது, இன்சூரன்ஸ் கிளெய்ம் வரும்போது அது நம் தலையில்தான் விடியும். இழந்த உயரத்தைத் திரும்பப் பெறும் அளவோடு நிறுத்துங்கள்.

போட்ட உடனே அலைன்மென்ட் பண்ணுங்கள், சக்கரத்தின் கோணங்களான கேம்பர், காஸ்டர், டோ மூன்றும், வெறும் டோ மட்டும் பார்க்கும் கடை இதற்கு உதவாது. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் படியும், படிந்த பிறகு டேப் வைத்து அளந்துவிட்டு அலைன்மென்ட்டை இன்னொரு தடவை பாருங்கள். மூக்கு நிமிர்ந்துவிட்டதால் ஹெட்லைட்டும் மேலே தூக்கியிருக்கும், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதையும் அன்றைக்கே இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.